பெட்டி கட்டும் முன் டிக்கெட்டைப் படியுங்கள்

விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று கேட்பவர்களிடம், எந்த டிக்கெட் என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். கேட்டவருக்கு அது எரிச்சலைத் தரும். "போன மாசம் எங்க மச்சான் முப்பது கிலோ கொண்டு போனாப்ல, எனக்கு மட்டும் வேற கணக்கா?" என்பார். ஆம், வேறு கணக்குதான். மச்சான் போன விமான நிறுவனம் வேறாக இருக்கலாம்; நிறுவனம் ஒன்றே ஆனாலும் போன ஊர் வேறாக இருக்கலாம்; ஊரும் ஒன்றே என்றாலும் வாங்கிய கட்டண வகை வேறாக இருக்கலாம். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு 30 கிலோ இலவசமாகவும், மற்றவருக்குக் கைப்பையைத் தவிர வேறெதுவும் இல்லாமலும் இருப்பது இன்று சாதாரணமாக நடப்பதுதான்.

உள்நாட்டில் இந்த வேறுபாட்டுக்கு முறையான தொடக்கம் 2021 பிப்ரவரி. செக்-இன் லக்கேஜ் இல்லாமல் கைப்பையோடு மட்டும் பறப்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அப்போது நிறுவனங்களுக்கு அனுமதி அளித்தது. மலிவாகக் கிடைத்தது என்று பையன் இரவு 12 மணிக்குச் செல்பேசியில் எடுத்த டிக்கெட் அந்த வகையாக இருந்தால், அம்மா கட்டி வைத்திருக்கும் பெட்டிக்கு விமானநிலையத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். லைட், வேல்யூ, ஃப்ளெக்ஸ் என்று கட்டணங்களுக்கு அழகான பெயர்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. டிக்கெட்டிலேயே இதற்கென்று ஒரு வரி இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும்.

முன்பதிவு எண், பெயர், புறப்படும் நேரம் ஆகியவற்றுக்குக் கீழே, பெரும்பாலும் பொடி எழுத்தில், லக்கேஜ் அளவு அச்சாகியிருக்கும். 30 என்ற எண்ணுக்குப் பின்னால் கே என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மொத்தம் 30 கிலோ என்று பொருள். 1 அல்லது 2 என்ற எண்ணுக்குப் பின்னால் பி, சி என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது எடைக் கணக்கன்று, எண்ணிக்கைக் கணக்கு. அத்தனை பெட்டிகள் என்று பொருள். சுழியமோ நில் என்ற சொல்லோ இருந்தால் ஒன்றும் கிடையாது. இந்த இரண்டு கணக்குகளையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு வருகிறது.

எடைக் கணக்கு நமக்குப் பழகியது. வளைகுடா நாடுகளுக்கும் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். இத்தனை கிலோவுக்குள் என்றால், பல நிறுவனங்களில் அதை இரண்டு பெட்டியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே முன்பதிவில் போகும் கணவன், மனைவி, பிள்ளைகளின் அளவைச் சேர்த்துப் பார்க்கவும் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். எண்ணிக்கைக் கணக்கு அமெரிக்கா, கனடா வழித்தடங்களில் வழக்கமானது. அங்கே சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பதுதான் பரவலான வரம்பு. இரண்டு பெட்டிக்கு அனுமதி உண்டு என்றால் 46 கிலோ என்று மொத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெட்டி 28 கிலோவும் மற்றது 18 கிலோவும் இருந்தால், மொத்தம் 46 கிலோவாகவே இருந்தபோதிலும் முதல் பெட்டிக்கு அபராதம் விழும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கோடு ஒட்டி வருவது. எடை சரியாக இருந்தும் பெட்டி பெருத்திருந்தால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

எந்தக் கணக்கானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் கொடுத்தாலும் ஏற்பதில்லை. பேராசையால் போட்ட விதி இல்லை இது. விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நின்று பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிறவர்களின் முதுகைக் காப்பதற்காக உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட வரம்பு இது. நம்மவர்கள் கவுன்ட்டரில் வாதாடும் விதிகளிலேயே வாதாடக் கூடாதது ஒன்று உண்டென்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

உள்நாட்டு விமானங்களில் நிலைமை எளிது. சாதாரண வகுப்பில் செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்பதே இன்று பெரும்பாலும் காணப்படும் அளவு. சில நிறுவனங்கள் அந்த 15 கிலோவும் ஒரே பெட்டியாக இருக்க வேண்டும் என்கின்றன. ஒன்பது கிலோ சூட்கேஸும் ஆறு கிலோ அட்டைப்பெட்டியுமாகக் கொண்டுபோனால் எடை சரியாக இருந்தும் இரண்டாவது உருப்படிக்குப் பணம் கேட்பார்கள்.

மதுரைக்காரர்களுக்குச் சிக்கல் வருகிற இடம் இதற்கு அடுத்தது. நம் விமானநிலையத்திலிருந்து நேரடியாக வெளிநாடு செல்லும் விமானங்கள் குறைவு. ஆகையால் கார் பிடித்துத் திருச்சிக்குப் போய் ஏறுகிறோம், அல்லது மதுரையிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து மாறுகிறோம். இப்படி மாறும்போது மதுரை முதல் சேருமிடம் வரை ஒரே டிக்கெட்டா, அல்லது சென்னை வரை ஒன்றும் அதற்குப் பிறகு ஒன்றுமாக இரண்டு டிக்கெட்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே டிக்கெட்டாக இருந்தால், பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்கான அளவே மதுரையிலும் செல்லும். பெட்டியை அவனியாபுரம் தாண்டி நம் விமானநிலையத்தில் போட்டால் சேருமிடத்தில் எடுத்துக்கொள்ளலாம். தனித்தனி டிக்கெட் என்றால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் விதி. சென்னையிலிருந்து 30 கிலோ உண்டு என்று நம்பிப் பெட்டியைக் கட்டியவர், மதுரை கவுன்ட்டரில் 15 கிலோ பயணியாகத்தான் நிற்கிறார். மீதி 15 கிலோவுக்கும் உள்நாட்டு எக்ஸஸ் கட்டணம், அதாவது கூடுதல் எடைக்கான கட்டணம். சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி வரிசையில் நிற்பது தனி வேலை.

டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுப்பது விலை குறைவு என்று பலரும் சொல்கிறார்கள். சில சமயம் உண்மைதான். ஆனால் அந்த விலையோடு மதுரை எக்ஸஸ் கட்டணத்தையும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதைத் தவறவிடும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தால், நிறைய லக்கேஜோடு போகிறவருக்கு அது ஆதாயமாக எனக்குத் தோன்றவில்லை. அதைவிட, மேலூர் வழியாக ஒரு வண்டி பிடித்து நேரே திருச்சியில் ஏறிவிடுவது நல்லது. நான்கு வழிச்சாலை இருக்கிறது, இரண்டு மணி நேரம் சொச்சத்தில் போய்விடலாம். கைப்பையோடு மட்டும் போகும் இளைஞர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

எக்ஸஸ் தவிர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டால் அதை முன்கூட்டியே நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ 5 கிலோ, 10 கிலோ என்று வாங்கிவிட வேண்டும். அதே எடையைக் கவுன்ட்டரில் வாங்கினால் விலை கணிசமாகக் கூடும். ஆனால் புறப்படுவதற்குக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு முன்பே அந்த வாய்ப்பு மூடப்பட்டுவிடும் என்பதால், வண்டியில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

எடையை வீட்டிலேயே பார்த்துவிடுவது முக்கியம். தொங்கவிட்டுப் பார்க்கும் சிறிய டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் வெறுங்கையோடு ஒருமுறையும் நின்று கழித்துக்கொள்ளலாம். கிராமத்தில் என்றால் மளிகைக்கடையிலோ நெல் எடை போடும் இடத்திலோ வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தத் தராசுகள் பொய் சொல்வதில்லை. காலிப் பெட்டியின் எடையும் கணக்கில் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். கெட்டியான பெரிய சூட்கேஸ் காலியாகவே நான்கைந்து கிலோ இருக்கும். உள்நாட்டு 15 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு வெறும் பெட்டிக்கே போனால் என்ன மிஞ்சும்? அட்டைப்பெட்டி இலேசானது, ஆனால் நான்கு புறமும் தட்டையாக, நன்றாக டேப் ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும். துணியில் சுற்றி மூட்டையாகக் கட்டியதும் உருண்டையாக இருப்பதும் பெல்ட்டில் சிக்கிக்கொள்ளும் என்பதால், தட்டையான பரப்பு இல்லாத பைகளை ஏற்பதில்லை என்று துபாய் விமானநிலையம் 2017லேயே அறிவித்துவிட்டது. பிளாஸ்டிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய பெட்டிக்கும் இதே கதிதான்.

கைப்பைக்கு வருவோம். 7 கிலோ என்ற எடையோடு அளவும் உண்டு. மூன்று பக்கமும் கூட்டினால் 115 சென்டிமீட்டர் என்பது இங்கே பரவலாகக் கேட்கும் கணக்கு, அதாவது ஏறத்தாழ 55க்கு 35க்கு 25. இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் விதிப்படி ஒரு பயணிக்கு ஒரே ஒரு கைப்பைதான். பெண்கள் தோளில் மாட்டும் சிறு பையோ லேப்டாப்போ தனியாக இருக்கலாம். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று, தின்பண்டப் பை ஒன்று, தோள்பை ஒன்று என்று பேருந்தில் ஏறுவதுபோல ஏறுவதைச் சில நாட்கள் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், சில நாட்கள் விடமாட்டார்கள். மதுரைக்கு வரும் உள்நாட்டு விமானங்களில் விசிறி சுழலும் ஏடிஆர் விமானங்களும் உண்டு. அவற்றில் தலைக்கு மேலுள்ள அறை சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழையாது என்று தோன்றினால் விமானத்தின் வாசலிலேயே வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். அப்படிக் கொடுக்கும் முன் பாஸ்போர்ட், பணம், மருந்து, பவர் பேங்க் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பவர் பேங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செக்-இன் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பெயர் அழைக்கும் காரணங்களில் இது தலையாயது. தனியாக இருக்கும் எந்த லித்தியம் மின்கலமும், பவர் பேங்கும் அதில் அடக்கம், பெட்டிக்குள் போகக் கூடாது; கைப்பையில்தான் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் அணைக்க முடியும், கீழே சரக்கறையில் யாரும் இல்லை என்பதே காரணம். மின்கலம் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும் என்பதை வாட்-மணியில் கணக்கிடுகிறார்கள். 100 வாட்-மணி வரை தடையில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோகவே முடியாது. ஆனால் கடையில் வாங்கும்போது நம் கண்ணில் படுவது 20,000 என்ற மில்லிஆம்பியர்-மணி எண்தான். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி வரும். ஆகவே 10,000, 20,000 என்று எழுதியிருப்பவை தாராளமாகப் போகலாம். 27,000 என்பது எல்லைக்கோட்டில் நிற்கிறது. 30,000 என்று போட்டு விற்பவை 100ஐத் தாண்டிவிடும். எழுத்து அழிந்து போன பழைய பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அதன் அளவை அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? 2025ல் விதிகள் இன்னும் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்து ஆளுக்கு ஒன்றுதான், அதையும் பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது என்றது.

அடுத்தது நம் வீட்டுச் சமையலறையும் பூஜையறையும். விதிகளை எழுதியவர்கள் நம் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும். கொப்பரைத் தேங்காய் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. ஆபத்தான சரக்குகளின் உலகப் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று தனி எண்ணே இருக்கிறது, அதுவும் தானாகவே தீப்பற்றக்கூடிய பொருள்கள் என்ற வகுப்பில். கொப்பரையில் 60 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்த மூடிய இடத்தில் குவிந்து கிடந்தால் அது உள்ளுக்குள் சூடேறிப் புகையத் தொடங்கும் என்பது செக்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. மேலூர்ப் பக்கம் ஓர் அத்தை, வளைகுடாவில் இருக்கும் மகனுக்காகக் கட்டிய பெட்டியில் உடைத்துக் காயவைத்த கொப்பரையைச் செய்தித்தாளில் சுற்றி அடியில் வைத்திருந்தார். "அத்தை, இதை மட்டும் எடுத்துருங்க" என்றதற்கு, "தேங்காயில என்னப்பா குண்டா இருக்கு?" என்று கேட்டார். எக்ஸ்ரேயில் பார்ப்பவர் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைப்பார் என்று சொல்ல வேண்டியிருந்தது. முழுத் தேங்காய் வேறு. அது கைப்பையில்தான் கூடாது, செக்-இன் பெட்டியில் போகலாம். இந்த விதிக்கும் ஒரு பருவத்தில் விலக்கு கிடைத்தது: சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கையிலேயே வைத்துக்கொள்ள 2024 அக்டோபரில் அனுமதி அளித்து, 2025 ஜனவரி 20 வரை அதை நடைமுறையில் வைத்திருந்தார்கள். ஒரு பருவத்து விலக்கு அடுத்த பருவத்துக்கும் உண்டு என்று எண்ணிக்கொண்டு கிளம்பக் கூடாது. கிளம்பும் முன் புதிய அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

கற்பூரமும் இரண்டு பைகளிலும் கூடாது, எளிதில் எரியும் திடப்பொருள் என்பதால். திருநீறு, குங்குமம், சந்தனம் எல்லாம் போகலாம். புது வீடு புகும் பிள்ளைகளுக்குப் பூஜைச் சாமான் தொகுப்பை அப்படியே கடையிலிருந்து வாங்கி அனுப்புகிறவர்கள் அதைப் பிரித்துப் பார்த்துக் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துவிடுவது நல்லது. சிவகாசி நமக்கு அருகில் இருப்பதால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இன்னொரு ஆசையும் வரும். பேரப்பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு ஒரு பெட்டி என்றாலும் வெடிபொருள் வெடிபொருள்தான். அது அபராதத்தோடு முடியாமல் காவல் நிலையம் வரை போகக்கூடியது.

திரவ விதி எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்தது இது. பன்னாட்டு விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டர் புட்டியில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் மூடித் திறக்கும் கண்ணாடித்தாள் பைக்குள் இருக்க வேண்டும். அரை லிட்டர் புட்டியின் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பார்ப்பது புட்டியின் கொள்ளளவைத்தான். திரவம் என்றால் தண்ணீர் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. குழைவாக இருப்பது எல்லாமே இதில் வரும்: நெய், தயிர், பற்பசை, தைலம், நன்னாரி சர்பத். பழனிப் பஞ்சாமிர்த டப்பாவும் அப்படித்தான். அதைச் சாமி பிரசாதம் என்று சொல்லிக் கைப்பையில் கொண்டுபோக முயன்றவர்கள் சோதனை மேடைக்குப் பக்கத்திலேயே நின்று அதைப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். பிரசாதம் வீணாகவில்லை என்ற அளவில் அது நல்ல முடிவுதான். அல்வாவையும் ஊறுகாயையும் செக்-இன் பெட்டியில் போடுவதே பாதுகாப்பு. எண்ணெய் கசிந்து சுங்குடிச் சேலையில் இறங்காமல் இருக்க, ஊறுகாயை டப்பாவில் போட்டு மூடிக்கு டேப் சுற்றி, இரண்டு கெட்டியான உறைகளில் அடைத்துத் துணிகளுக்கு நடுவே வைக்க வேண்டும்.

பொடிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் வைத்திருந்தால் கூடுதல் சோதனை செய்வார்கள்; 2018 ஜூன் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, சத்துமாவு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இதுவரை சொன்னவை விமானத்தின் விதிகள். இறங்கும் நாட்டின் விதிகள் அவற்றிலிருந்து வேறானவை, அங்கே தண்டனையும் பெரிது. கசகசா நம் ஊரில் குருமாவில் அரைத்துவிடும் சாதாரணப் பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தின் கண்ணோடுதான் அதைப் பார்ப்பார்கள். தனியாக ஒரு பொட்டலம் வைக்காமல் இருப்பது போதாது, வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சைக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் பூச்சி அந்த இலையில் தங்கிப் போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு, அவர்களுடைய ஆரஞ்சுத் தோட்டங்களை நினைத்தால் அது நியாயமானதும்கூட. எந்தத் தாயும் இதை ஏற்றுக்கொண்டதாக நான் அறியவில்லை. ஆஸ்திரேலியாவில் இறங்குகிறவர்கள் உணவுப்பொருள் எதை வைத்திருந்தாலும் அங்கே தரும் அட்டையில் உண்டு என்று எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால்தான் அபராதம்.

மருந்து கொண்டுபோகும் பெரியவர்கள் மாத்திரைகளைப் பிரித்து டப்பியில் போடாமல் அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை, முன் அனுமதி பெறாமல் எடுத்துப் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் தம்பிக்குக் கொடுத்து அனுப்பும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குவதும் கூடாது. கேட்டால் கோபித்துக்கொள்வார் என்றால் கோபித்துக்கொள்ளட்டும். பெட்டியை நீங்களே கட்டினீர்களா என்று கவுன்ட்டரில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் நீங்கள்.

எல்லாம் சரியாகக் கட்டிக் கொண்டுபோன பிறகும் பெட்டி வராமல் போகலாம். கவுன்ட்டரில் பெட்டியைப் போட்டதும் போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் சிறு சீட்டை வீசிவிடக் கூடாது, அதுதான் பெட்டிக்கான ரசீது. அதில் போட்டிருக்கும் மூன்றெழுத்து ஊர்க்குறியைப் படித்துப் பாருங்கள். சேருமிடத்தின் குறி இருக்க வேண்டிய இடத்தில் இடையில் மாறும் ஊரின் குறி இருந்தால் அங்கேயே கேட்டுவிட வேண்டும். பெல்ட் நின்று, பெட்டி வரவில்லை என்று உறுதியானால், வெளியே காத்திருப்பவர்களிடம் சொல்லப் போவதற்கு முன் அங்கேயே உள்ள லக்கேஜ் கவுன்ட்டரில் புகாரை எழுதிக்கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியின் நிறம், நிறுவனத்தின் பெயர், உள்ளே என்ன இருந்தது என்று அவர்கள் கேட்பார்கள். கிளம்பும் முன் திறந்த பெட்டியையும் மூடிய பெட்டியையும் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

பன்னாட்டுப் பயணங்களில் இழப்பீட்டை 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. இந்தியா அதில் 2009ல் சேர்ந்தது. பெட்டி சேதமடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் வந்ததிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். வந்துசேர வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் ஆகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே கருதி உரிமை கோரலாம். ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். என்பது 2024 டிசம்பர் 28 முதல் உள்ள வரம்பு. அதற்கு முன் 1,288 ஆக இருந்தது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, இந்த வரம்பு ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் வரும். அது உச்சவரம்புதான், பெட்டி தொலைந்த எல்லோருக்கும் அப்படியே கொடுக்கும் தொகை இல்லை. உள்ளே இருந்ததின் மதிப்பை நாம் காட்ட வேண்டும். அதைவிட விலை மதிப்புள்ளது பெட்டியில் இருக்கிறது என்றால், ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. நகைக்கு அந்த வழியைத் தேட வேண்டியதில்லை, அதைக் கழுத்திலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி வரும்வரை மாற்றுடை, சோப்பு என்று வாங்கிய அவசியச் செலவுக்கு ரசீது வைத்திருந்தால் நியாயமான அளவுக்குத் திரும்பக் கேட்கலாம். நிறுவனம் மறுத்தால் வழக்குத் தொடர 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு; அந்தக் கணக்கு விமானம் சேருமிடத்தை அடைந்த நாளிலிருந்து, அல்லது அடைந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது.